நாடா நழுவாத நாள்

மே மாதம் பிறந்தால் தோப்ரிச் நகரத்துக்குப் பல் கம்பி கழற்றும் காய்ச்சல் வந்துவிடும். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மாதக் கடைசியில் நடன விருந்து. கல்யாணத்துக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்கள். தரை புரளும் கவுன் தைத்து, கிளாரினெட்காரனுக்கும் மேளக்காரனுக்கும் சொல்லிவைத்து, கூரையில்லாத கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குடியிருப்பு வாசலில் பாதித் தெருவை ஆடவைத்துத்தான் பிள்ளையை அனுப்புவார்கள். இத்தனையும் செய்துவிட்டு, படத்தில் பல் மட்டும் இரும்பாகத் தெரிந்தால் எந்தத் தாய்க்கு மனம் பொறுக்கும்? அதனால் மே மாதத்தில் டாக்டர் வெலிகோவாவின் கிளினிக்கில் உட்கார நாற்காலி கிடைக்காது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கோரிக்கைதான். கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் முன்பல்லில் மட்டுமாவது கழற்றிவிடுங்கள்.

அந்தக் கூட்டத்தில் கம்பியைக் கழற்றவே கூடாது என்ற முடிவோடு வந்து உட்கார்ந்திருந்தவள் நெவேனா ஒருத்திதான். அவளுக்கு இந்தப் பக்கம் அப்பா ராட்கோ, அந்தப் பக்கம் அம்மா தோன்கா. எதிரே சுவரோரமாக அக்கா ருமியானா நின்றிருந்தாள். இவளுடைய முடிவு அந்த மூவரில் யாருக்கும் இன்னும் தெரியாது.

நெவேனாவின் பல்லில் கோணல் என்று எதுவும் கிடையாது. சிக்கல் வேறு. கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று மோதி மூடிக்கொண்ட பிறகும், முன்பற்கள் மேலே நாலு கீழே நாலு ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். நடுவில் நாக்கு எட்டிப்பார்க்கும். ரொட்டிக்குள் வைத்த இறைச்சித் துண்டைக் கடித்தால் பாதியில் அறுபடாது, முழுசாக உருவிக்கொண்டு வெளியே வந்து முகவாயில் தொங்கும். வகுப்புப் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் ஜன்னல். மழை வரும்போதெல்லாம் ஒருவன் தவறாமல் எழுந்து, "ஜன்னலை மூடுங்கப்பா" என்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சூரியகாந்தி விதையைத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி விளைகிற சமவெளியில் பிறந்துவிட்டு, விதையை முன்பல்லில் வைத்து உடைக்க வராதவளை யார்தான் சும்மா விடுவார்கள்? எங்கள் ஊரில் பெஞ்சு என்று ஒன்று இருந்தால் அதன் காலடியில் விதைத்தோல் இருக்கும். கால்பந்துக்குப் போனாலும் விதை, பஸ்ஸுக்கு நின்றாலும் விதை, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசினாலும் விதை. தோன்காவின் முன்பல் ஓரத்தில் விதை உடைத்து உடைத்தே ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறது. ராட்கோ அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர், அவருடைய சட்டைப் பையில் விதை இல்லாத நாளே கிடையாது. நெவேனாவும் ருமியானாவும் சிறுமிகளாக இருந்தபோது, மைதானத்தில் அவர்தான் விதையை உடைத்து உடைத்துப் பருப்பை ஆளுக்கு ஒன்றாக உள்ளங்கையில் வைப்பார். ஆமாம், ருமியானாவுக்கும் அதே வாய்தான்.

ருமியானாவின் கதையைச் சொல்லாமல் நெவேனாவின் பிடிவாதம் புரியாது. ஆறு வருடம் முன்பு இதே மே மாதத்தில், இதே கிளினிக்கில், அவளுடைய கம்பியைக் கழற்றினார்கள். "இன்னும் பக்குவம் ஆகல" என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். அவளுக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை. பொறுப்பு என்னுடையது என்று ராட்கோ கையெழுத்துப் போட்டார். விருந்து முடிந்ததும் ஜூனில் வந்து மறுபடி ஒட்டிக்கொள்வதாகப் பேச்சு. ஜூனில் ருமியானாவுக்குக் கடற்கரை ஹோட்டலில் வேலை கிடைத்தது, போனாள். அடுத்த கோடை வருவதற்குள் முன்பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. விருந்தன்று எடுத்த படத்தில் மட்டும் அவள் இன்றைக்கும் அழகாகச் சிரிக்கிறாள். கூடத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இப்போது மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கொரோனா போய் இத்தனை காலம் ஆகியும் முகக்கவசத்தைக் கழற்றாத ஒரே ஆள் இந்த ஊரில் அவளாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைச் சுத்தம் என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள்.

நெவேனா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தாள். எனக்கு அப்படி ஒரு படம் வேண்டாம், மூடுகிற வாய் வேண்டும். இதைத்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டதும் குடும்பமே எழுந்து போனது. டாக்டர் வெலிகோவா அதைக் கண்டுகொள்ளவில்லை. மே மாதத்தில் அவர் யாரையும் வெளியே நிற்கச் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. நெவேனாவை நாற்காலியில் சாய்த்து, மேஜையிலிருந்து மெல்லிய நாடா ஒன்றை இடுக்கியில் எடுத்தார். வெங்காயச் சருகைவிட மெல்லிசு.

"கடிம்மா."

கடைவாயில் வைத்து இழுத்தார். நாடா வரவில்லை. கோரைப்பல்லில் வைத்து இழுத்தார். அங்கேயும் பிடித்துக்கொண்டது. முன்பல்லுக்கு நடுவே வைத்தார். நெவேனா கண்ணை இறுக்கிக் கடித்தாள். நாடா வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி சுகமாக வெளியே வந்தது.

"இன்னும் இல்ல" என்றார் டாக்டர்.

ராட்கோ தொண்டையைச் செருமினார். "டாக்டர், வெளியிலேர்ந்து பாத்தா சேர்ந்துதானே இருக்கு? நேராவும் இருக்கு. ஒரு முடி அகலம் இருக்குமா?"

"முடி அகலம்தான்."

"அப்புறம் என்ன? முடி அகலத்தை யாரு வாய்க்குள்ள தலைய விட்டுப் பாக்கப்போறா?"

"போன மாசம் வரைக்கும் மேல்பல்லையும் கீழ்பல்லையும் ரப்பர் வளையம் இழுத்துப் பிடிச்சிட்டு இருந்துது. அதனால சேர்ந்துது. தானா நிக்குதான்னு பாக்க ரப்பரை நிறுத்தினேன். கம்பி இருக்கும்போதே ஒரு மாசத்துல முடி அகலம் விலகியிருக்கு. கம்பியும் இல்லாம ஒரு வருஷம் விட்டா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

எல்லாருடைய கண்ணும் ஒரு தடவை ருமியானாவின் முகக்கவசத்தைத் தொட்டுவிட்டு வந்தது. ருமியானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோன்காதான் முதலில் தேறினாள். "விருந்துக்கு மட்டும் முன்னாடி கழட்டிட்டு, முடிஞ்சதும் ஒட்டிக்கலாமே டாக்டர். போன வாரம் அந்த பேக்கரிக்காரர் பொண்ணுக்கு அப்படித்தானே பண்ணீங்க?"

"அந்தப் பொண்ணுக்கு முன்பல் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். இது அது இல்ல. நான் பண்ணுங்கன்னு சொல்லமாட்டேன். மீறிக் கேட்டா, எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கழட்டிக்கலாம்."

ராட்கோ சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். விதைதான் வந்தது.

"நீங்க இல்ல" என்றார் டாக்டர். "இவளுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. இவ சொல்லணும்."

மூன்று தலைகள் நாற்காலிப் பக்கம் திரும்பின. நெவேனா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு உதட்டைச் சேர்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றார் ராட்கோ.

மூடிய வாய் மூடியே இருந்தது.

"ஏண்டீ, ஒரே ஒரு ராத்திரிக்குத்தானே?" என்றாள் தோன்கா. "இந்தப் போட்டோ ஆயுசு முழுக்க இருக்கும்டீ."

நெவேனா மூக்கால் மூச்சு விட்டாள். கையை மார்பில் கட்டிக்கொண்டாள். டாக்டர் இடுக்கியை மேஜையில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கிறவர் போலச் சாய்ந்து நின்றார். வாயைத் திறக்காதவளிடமிருந்து எந்த டாக்டராலும் எதையும் கழற்ற முடியாது.

"பாரு, பிடிவாதத்தை" என்றார் ராட்கோ. "யாரு மாதிரி வந்து பொறந்திருக்கு?"

"உங்கள மாதிரிதான்" என்றாள் ருமியானா. கிளினிக்குக்குள் நுழைந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

பெற்றோர் இருவரும் வெளியே போய்க் கதவு சாத்திய பிறகுதான் நெவேனா வாயைத் திறந்தாள். "ரப்பரைத் திரும்பக் குடுங்க டாக்டர்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராட்கோ தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். அவருடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது காரின் டிக்கியில் சுருட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் வந்து கூடத்துத் தரையில் அதை விரித்தபோதுதான் தெரிந்தது. ஃப்ளெக்ஸ். கதவு உயரத்துக்கு நெவேனாவின் முகம், கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர், சுற்றிலும் சூரியகாந்திப் பூ. பால்கனியிலிருந்து தொங்கவிட்டால் தெருமுனை வரைக்கும் தெரியும்.

நெவேனா குனிந்து பார்த்தாள். படத்தில் இருந்தவள் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லில் கம்பி இல்லை. மேலும் கீழும் அச்சுக் கோத்த மாதிரி சேர்ந்திருந்தது.

"இது யார் பல்லு?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதான்."

"என்னோடது இல்லப்பா. எம்பல்லு எனக்குத் தெரியாதா?"

ராட்கோ காதைச் சொறிந்தார். "போட்டோக்காரன் கம்ப்யூட்டர்ல சரி பண்ணினான். ரெண்டு நிமிஷ வேலைன்னான். விருந்தன்னிக்கு நெஜமாவே இப்படித்தானே இருக்கப்போகுதுன்னு நெனச்சேன். அஸேன் மாமா ஸ்பெயின்லேர்ந்து வர்றாரு, அவருக்கும் அனுப்பிட்டேன். பாத்துட்டு அழுதாராம்."

"எந்த டூத்பேஸ்ட் டப்பாவுலேர்ந்து எடுத்தானோ, அந்தப் பொண்ணுக்கு மாமா அழுதிருக்காரு."

தோன்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். பிறகு அவளுக்கு அழுகையே வந்தது. "எல்லாரும் வருவாங்கடீ. மேல ஒரு பல்லு தொங்கும், கீழ நீ ஒரு பல்லோட வந்து நிப்ப. எங்களை என்ன சொல்வாங்க?"

"எனக்குப் பல்லைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்வாங்க. போட்டோ ஆயுசு முழுக்க இருக்கும்னு சொன்னியே. பல்லும் ஆயுசு முழுக்க இருக்கணும்மா."

விருந்து வரைக்கும் இருந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நெவேனா தன் வேலையைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன் நின்று பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவாள். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் அழுத்தி, பல்லில் படாமல் எச்சில் விழுங்கிப் பழகுவாள். அவளுடைய பல்லை முதலில் திறந்துவிட்டதே அந்த நாக்குதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார், விழுங்கும்போதெல்லாம் முன்பல்லைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லைப் பழக்குவதைவிட நாக்கைப் பழக்குவதுதான் கஷ்டம். பஸ் நிறுத்தத்தில் நின்று தனக்குத்தானே விழுங்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து ஒரு கிழவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். மனசு தளராமல் இல்லை. வகுப்பில் ஒவ்வொருத்தியாகக் கம்பி இல்லாமல் வந்து சிரித்தபோது நெவேனாவுக்கும் வயிறு எரியத்தான் செய்தது. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து கூடத்தில் தொங்கும் அக்கா படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்பாள்.

விருந்து நாளன்று காலையில் ராட்கோ ஃப்ளெக்ஸைப் பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். வேறு என்ன செய்வது, மாமனுக்குப் படம் அனுப்பியாயிற்று. கட்டிவிட்டு அஸேன் மாமாவை அழைத்துவர விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போனார். தோன்கா அடுப்படியில் பாலாடைக்கட்டி வைத்த அடைகளோடு மல்லுக்கு நின்றாள். நெவேனாவின் தலையை ஒருத்தி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது ருமியானா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஃப்ளெக்ஸைக் கைமேல் கை வைத்து மேலே இழுத்து, தரையில் பரப்பினாள். பையிலிருந்து சாக்லேட் சுற்றிவருகிற வெள்ளித்தாளையும் பசையையும் எடுத்தாள். மருந்துக்கடையில் ஒரு வாரமாகத் தின்று சேர்த்தது, வயிறு இன்னும் சரியாகவில்லை. சதுரம் சதுரமாக வெட்டி, படத்தில் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் ஒன்றாக ஒட்டினாள். சமையலுக்குச் சுற்றுகிற அலுமினியத் தாளில் மெல்லிய பட்டை கிழித்து, சதுரங்களைக் கோத்து இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை கம்பியாக ஓட்டினாள். கடைசியில் இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் வரைந்தாள், தானும் போட்டிருந்தவளுக்கு அது எங்கே வரும் என்று தெரியாமலா இருக்கும்? பிறகு மறுபடி தொங்கவிட்டாள்.

மத்தியானத்துக்குமேல் வாசலில் கூட்டம் கூடியது. வெயில் அந்தச் சுவரில் நேராக அடித்தது. நெவேனாவின் பல்வரிசை தெருமுனை வரைக்கும் மின்னியது. முதலில் எதிர்வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள், பிறகு பெண்கள் சிரித்தார்கள், மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ராட்கோவின் கார் வந்து நின்றது.

ராட்கோ இறங்கி மேலே பார்த்தார். முகம் தக்காளி ஆனது. "யாரு பண்ணின வேலை இது?"

"நான்தான்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். ருமியானா பால்கனியில் நின்றிருந்தாள். முகக்கவசம் இல்லை. ஊரே அண்ணாந்து பார்த்தது. "வேற பல்லு வச்சிருந்தீங்கப்பா. அவ பல்லை அவளுக்குத் திருப்பிக் குடுத்தேன். என்னோடதத்தான் வாங்கிச் சுவத்துல மாட்டிட்டீங்க."

வாசலில் சிரிப்பு நின்றது. மூத்தவளின் திறந்த வாயை அவர் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. ஆறு வருடமாக அவர் மனசுக்குள் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்த விஷயம், வாடகைக் கார், வாத்தியம், சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் பால்கனியில் வந்து நின்றுவிட்டது.

கீழ்க்கதவைத் திறந்துகொண்டு நெவேனா வெளியே வந்தாள். பச்சைக் கவுன், சுருட்டிய தலை. எல்லாரையும் பார்த்து, மேலே தொங்குகிறவள் மாதிரியே வாய் கொள்ளாமல் சிரித்தாள். மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒன்றுதான்.

அஸேன் மாமா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "யோவ் ராட்கோ, நீ அனுப்பின படத்துல யாரோ சினிமாக்காரி இருந்தா. வேற வீட்டு விருந்துக்கு வர்றேனோன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன். இதுதான்யா நம்ம பொண்ணு."

ராட்கோ கிளாரினெட்காரன் பக்கம் திரும்பினார். "என்னத்தப் பாத்துட்டு நிக்கிற? வாசி" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் ஆட்டத்தின் முதல் அடியை எடுத்து வைத்தார்.

அன்று மாலை ஊர் முழுக்கக் கார்கள் ஊர்ந்தன. பிள்ளைகள் ஜன்னலிலும் கூரையிலும் எழுந்து நின்று, படித்த வகுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கத்தினார்கள். வழக்கம்போலப் பன்னிரண்டு வரும்போது தொண்டை கிழிந்தது. நெவேனாவின் கார் மருந்துக்கடையைக் கடந்தபோது அவள்தான் எல்லாரையும்விட அகலமாக வாயைத் திறந்து கத்தினாள்.

ஜூனில் கடற்கரை ஹோட்டலிலிருந்து அவளுக்கும் வேலைக்கு அழைப்பு வந்தது. தோன்கா பயந்துபோய் வேண்டாம் என்றாள். நெவேனா போனாள். ஆனால் டாக்டர் குறித்துக்கொடுத்த ஒவ்வொரு நாளும் விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியான பஸ்ஸில் திரும்பினாள். மேலாளர் முணுமுணுத்தபோது, "என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க, பஸ்ஸை மட்டும் விடமாட்டேன்" என்றாள். அவர் எடுக்கவில்லை. ஆகஸ்டில் டாக்டர் மறுபடி ரப்பர் வளையத்தை நிறுத்தினார். "இப்ப உம்பல்லும் உன் நாக்கும்தான். நான் இதுல இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

சூரியகாந்தி அறுவடை முடிந்து செப்டம்பர் பாதியில் குடும்பம் மறுபடி கிளினிக்குக்கு வந்தது. யாரும் ராட்கோவைக் கூப்பிடவில்லை, அவராகவே கையிலிருந்த கிரீஸைக் கழுவிவிட்டு வந்து காரில் உட்கார்ந்திருந்தார். ருமியானா முகக்கவசத்தோடு பின்னால் வந்தாள். பால்கனியில் கழற்றியதை அவள் அடுத்த நாளே திரும்ப மாட்டிக்கொண்டாள். ஒரு நாளில் எல்லாம் மாறிவிடுமா என்ன?

டாக்டர் நாடாவை எடுத்தார். கடைவாய், கோரைப்பல், பிறகு முன்பல். இழுத்தார். நாடா வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். நாடாதான் கிழிந்தது.

"பிடிச்சிடுச்சு" என்றார் ராட்கோ. "பிடிச்சிடுச்சில்ல டாக்டர்?"

"பிடிச்சிருக்கு." ஆனால் டாக்டர் கம்பி கழற்றும் குறட்டை எடுக்கவில்லை. விளக்கை இழுத்துக் கிட்டே வைத்து, சின்னக் கண்ணாடியை நுழைத்து, முன்பல்லின் ஓரத்தையே வெகுநேரம் பார்த்தார். இன்னும் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு வருடம் போடவும் நெவேனா தயார்தான், இருந்தாலும் கண்ணை டாக்டரின் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இங்க வாங்க" என்று டாக்டர் தோன்காவைக் கூப்பிட்டார். "முதல் தடவை வந்தப்ப காட்டினேன், ஞாபகம் இருக்கா? முன்பல் முளைக்கும்போது எல்லாருக்கும் ஓரத்துல மூணு குட்டி மேடு இருக்கும். கடிச்சுக் கடிச்சு சின்ன வயசுலயே தேஞ்சுபோயிடும். இவளுக்குத் தேயவே இல்ல. பதினெட்டு வயசுலயும் அப்ப முளைச்ச மாதிரி இருந்துது. எதையும் தொடாத பல்லு எப்படித் தேயும்? இப்பப் பாருங்க."

தோன்கா குனிந்து பார்த்தாள். நடு மேடு தட்டையாகியிருந்தது. அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"நாடாவை நான் வைக்கும்போது இவ பல்லைக் கடிச்சு, மூச்சப் பிடிச்சு ஏமாத்தியிருக்கலாம். இது ஏமாத்தி வராது. தூங்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸுல நிக்கும்போது, யாரும் பாக்காதப்பத் தேஞ்சது. ரப்பர் இல்லாமலே அதுங்க ஒண்ணையொண்ணு தேடிப்போய்த் தொட்டிருக்கு." டாக்டர் குறட்டைக் கையில் எடுத்தார். "இப்பக் கழட்டலாம். வாயைத் திறப்பியா, மாட்டியா?"

நெவேனா திறந்தாள்.

ஒவ்வொரு துண்டாகச் சின்னச் சத்தத்தோடு பிரிந்து தட்டில் விழுந்தது. ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, மெருகு தேய்த்து, பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார். பல் நகராமல் இருக்க ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு அச்சும் கொடுத்தார். அதைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகுமென்று அக்காவைக் கேட்டுக்கொள் என்று சொல்ல வந்து, ருமியானாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நெவேனா நாக்கால் பல்லைத் தடவினாள். வழுவழுவென்று யாருடைய பல்லையோ தடவுகிற மாதிரி இருந்தது. தடவிய நாக்கு வெளியே வர வழி தேடியது. வழி இல்லை. அவள் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"விதை மட்டும் கூடாது" என்றார் டாக்டர். "பின்கம்பி பிஞ்சிடும். இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல."

ராட்கோவின் கை சட்டைப் பையில் பாதியில் நின்றுவிட்டது. திருடனைப் போல முழித்தார். இந்த வருட அறுவடையில் வறுத்தது, காலையிலிருந்து பைக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரையும் அந்தக் கையையும் பார்த்தார். அவரும் தோப்ரிச்காரிதானே. "ஒண்ணே ஒண்ணு" என்றார். "என் கண்ணு முன்னாடி. அதோட சரி."

ராட்கோ கையளவு விதையில் தேடிப் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நெவேனா அதை நிமிர்த்தி முன்பல்லுக்கு நடுவில் வைத்தாள். பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் தெரியும், செய்ததுதான் இல்லை. கடித்தாள். டிக் என்றது. தோல் இரண்டாகப் பிளந்தது. நாக்கால் பருப்பைத் தள்ளி எடுக்காமல், விரலால் எடுத்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ருமியானா அந்தப் பருப்பையே பார்த்தாள். பிறகு முகக்கவசத்தைக் கீழே இறக்கி அதை வாயில் போட்டு, கடைவாயில் மென்றாள். மென்று முடித்ததும், தங்கையை நாற்காலியிலிருந்து எழும்பச் சொல்லித் தோளில் தட்டினாள்.

"எழுந்திருடீ. எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப?"

அவள் உட்கார்ந்து தலையைச் சாய்த்ததும் அறையில் எல்லாருக்கும் புரிந்தது. ராட்கோ டாக்டரின் மேஜைக்குப் போய், அங்கே கிடந்த பேனாவை எடுத்தார். "எங்க கையெழுத்துப் போடணும் டாக்டர்? அன்னிக்கு நான்தான் கெடுத்தேன். இன்னிக்கும் நானே போடுறேன்."

"பேனாவை இங்க குடுங்கப்பா" என்றாள் ருமியானா. "இந்தத் தடவை நான் போட்டுக்கறேன்."

பேனாவை வாங்கிக்கொண்டு, டாக்டர் கேட்பதற்கு முன்பே வாயை அகலமாகத் திறந்தாள்.